ஆள் மாற்ற வந்தவள்

குன்வோர் தன் எழுபது வயதுக்குள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் வாயால் சொல்லவில்லை, பேனாவால் சொன்னாள். 'ஹவ்தெர்னா' சுற்றுலாக் கப்பல்காரர்கள் அனுப்பிய மருத்துவப் படிவத்தில், பயணிக்கு மறதி நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. கணவன் ஆர்விட்டின் தாளில் 'இல்லை' என்ற கட்டத்துக்குள் ஒரு கோடு கிழித்தாள். நோயை மறைத்தது தெரியவந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கி விடப்படுவீர்கள் என்று அதே தாளின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் கிழித்தாள்.

நோர்வேயின் பெர்கனில் கப்பல் ஏறிப் பத்து நாள் ஆகிறது. இன்னும் அறுபது நாள் பாக்கி.

காலைச் சாப்பாட்டு மேஜைக்கு வரும்போதே அவள் தயாராகத்தான் வருவாள். பரிமாறுகிறவர் என்ன வேண்டும் என்று ஆர்விட்டைக் கேட்பதற்கு முன்னால் அவளே, "இவருக்கு ஹெர்ரிங் மீன், கறுப்பு ரொட்டி, அவிச்ச முட்டை" என்று முந்திக்கொள்வாள். யாராவது அவனிடம் நேற்று எங்கே போனீர்கள் என்றால் அவள் பதில் சொல்வாள். கேட்டவர்கள் இவளை வாயாடி என்று நினைத்துக்கொள்ளட்டும். வாயாடி என்ற பெயரால் யாரையும் கப்பலிலிருந்து இறக்க மாட்டார்கள்.

அதே மேஜையில் உட்காரும் தூரிட் ஓய்வுபெற்ற தபால்காரி. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லும் ரகம். அன்றைக்குக் காலையில் கத்தியில் வெண்ணெயை எடுத்தபடி கேட்டேவிட்டாள்.

"ஏண்டி குன்வோர், உன் கிழவனுக்கு வாய் இல்லையா? எல்லாத்துக்கும் நீயே பேசுறியே?"

குன்வோர் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு ஒரு பதிலைத் தேடினாள். அதற்குள் ஆர்விட் நிமிர்ந்து சிரித்தான். "வாய் இருந்துச்சு. கல்யாணத்தன்னைக்கு இவகிட்ட குடுத்தேன். இன்னும் திருப்பித் தரல."

மேஜை முழுக்கச் சிரித்தது. தூரிட் இருமும் வரைக்கும் சிரித்தாள். அவன் நோயில் இருந்த கொடுமை இதுதான். நகைச்சுவை எங்கும் போகவில்லை, நடை போகவில்லை, கைவேலை போகவில்லை. எந்த ஊரில் இருக்கிறோம், இது எந்த வருஷம், பக்கத்தில் இருக்கிறவள் யார் என்பதுதான் திடீர் திடீரென்று கழன்று போகும். கழன்ற மாதிரியே திரும்பியும் வரும். இரண்டு குளிர்காலமாக இப்படி.

ஆர்விட் முப்பத்தெட்டு வருஷம் கார்களை ஏற்றிப் போகும் ஃபெரிப் படகில் டெக் ஆளாக, வண்டித் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவனாக இருந்தவன். மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கும் கடலில், ஸோல்விக் கரையிலிருந்து நெஸ் கரைக்கு நாலு கிலோமீட்டர். வண்டிகளை ஏற்று, சக்கரத்துக்குக் கட்டை வை, அக்கரை வந்ததும் கட்டையை எடு, வண்டிகளை இறக்கு, மறுபடி ஏற்று. அதே ஃபெரியின் மேல்தளத்துச் சிற்றுண்டிச் சாலையில்தான் குன்வோர் ஸ்வேலே சுட்டாள். மெத்தென்று தடித்த இனிப்பு அப்பம் அது. பழுப்புப் பாலாடைக் கட்டி வைத்து மடித்துக் கொடுத்தால், அக்கரை சேர்வதற்குள் தின்று முடிக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சனங்களின் வழக்கம். அப்பம் சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் மஞ்சள் அங்கியோடு ஆர்விட் தெரிவான். இருபத்தேழு வருஷம் அப்படிப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு வருஷம் கடலில் வேலை பார்த்தவன் கடலைத் தாண்டிப் போனதே இல்லை. "ஒரு தடவையாவது திரும்பி வராம நேரா போய்க்கிட்டே இருக்கணும் குன்வோர்" என்பான். நோயின் பெயரை டாக்டர் சொன்ன அன்றைக்கும் வீடு திரும்பும் வழியில் அதையேதான் சொன்னான். மலைமேல் இருந்த விடுமுறைக் குடிலை விற்று அவள் சீட்டு வாங்கினாள். அப்புறம்தான் அந்தப் படிவம் வந்தது.

அன்றைக்குக் கப்பல் நின்றிருந்தது நடுக்கடலில் கிடக்கும் அசோரஸ் தீவுகளில் ஹோர்த்தா துறைமுகத்தில். காலையில் ஒலிபெருக்கியில் கப்டன் சொன்னார்: பிற்பகல் மூன்றரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும், நாலு மணிக்குக் கயிறு அவிழ்ப்போம், அப்புறம் பார்படாஸ் வரைக்கும் ஆறு நாள் தரையே கிடையாது.

இரண்டு பேரின் கப்பல் அட்டையையும் குன்வோரே தன் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஆர்விட்டிடம் கொடுத்தால் அவன் அதைப் பேருந்துச் சீட்டு என்று யாரிடமாவது கொடுத்துவிடுவான்.

பகல் நன்றாகத்தான் போனது. ஊருக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், பீக்கோ தீவின் மலை மேகத்துக்கு மேலே தலை காட்டியது. தென்மேற்குக் காற்று, நல்ல அலை. ஆர்விட் மஞ்சள் மழையங்கியைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு, படகுத்துறைச் சுவரில் மாலுமிகள் வரைந்து வைத்த ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மீன் சூப் குடித்தார்கள். "உப்பு கம்மி" என்றான். அவன் அவனாகவே இருந்தான். குன்வோருக்குப் பத்து நாளில் முதல்முறையாகத் தோள்கள் இறங்கின.

அந்தத் தைரியத்தில்தான் மருந்துக் கடைக்குப் போனாள். ஆறு நாள் திறந்த கடல், குமட்டலுக்கு மாத்திரை வேண்டும். கடைக்குள் கூட்டம். வாசலுக்கு எதிரே துறைமுகத்தைப் பார்த்த பெஞ்சில் ஆர்விட்டை உட்கார வைத்தாள்.

"இங்கயே இரு கிழவா. எங்கயும் போகாத."

"எங்க போவேன்? இந்தத் தீவுல எனக்கு வேற பொண்டாட்டியா இருக்கா?"

வரிசையில் நின்று கண்ணாடி வழியே பார்த்தாள். மஞ்சள் முதுகு இருந்தது. மறுபடி பார்த்தாள், இருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு படகு நீளமாக ஒரு சங்கு ஊதியது. மருந்துக்காரி, ஒவ்வாமை ஏதும் உண்டா, இரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். குன்வோர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டிப் பதில் சொன்னாள். மூன்று நிமிஷம் இருக்குமா? இருக்காது. திரும்பினாள்.

பெஞ்ச் காலியாக இருந்தது.

மாத்திரையை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள். தெருவைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்த்தாள். இரண்டு பாய்மரப் படகுகளுக்கு நடுவே கறுப்பாக, எண்ணெய் பளபளக்க, தண்ணீர் ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. மஞ்சளாக எதுவும் மிதக்கவில்லை. அடுத்த இடுக்கைப் பார்த்தாள். அதற்கடுத்த இடுக்கை. ஒரு இடத்தில் மஞ்சளாக ஏதோ ஆடியது. குனிந்து பார்த்தால் யாரோ படகுக்குக் கட்டியிருந்த மிதவை.

"ஆர்விட்!" என்று கூப்பிட்டாள். குரல் பாதியில் மடிந்தது. உரக்கக் கூப்பிடவும் பயம். இந்தத் தெரு முழுக்கக் கப்பல் பயணிகள். ஒருவர் கேட்டால் போதும், மாலைக்குள் கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும். போலீஸிடம் போகலாம். போலீஸ் முதலில் கப்பலுக்குத்தான் பேசும். கப்பல் டாக்டர் கேட்பார், படிவத்தைத் திறப்பார், கோடு இருக்கும்.

ஒரு மீன்காரனை நிறுத்தி, "மஞ்சள் அங்கி, உயரமானவர், வயசானவர்" என்று கையால் காட்டினாள். மீன்காரன் துறைமுகத்தைச் சுற்றிக் கையை வீசினான். காற்றும் தூறலுமான அந்த நாளில் அங்கே பாதிப் பேர் மஞ்சள் அங்கி போட்டிருந்தார்கள்.

படகுத்துறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இரண்டு முறை நடந்தாள். தேவாலயத்துக்குள் பார்த்தாள். சூப் குடித்த கடையில் பார்த்தாள். ஆண்கள் கழிவறை வாசலில் நின்று அவன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மணி இரண்டாகி, இரண்டு பத்தும் ஆனது.

ஒரு மதுக்கடை வாசலில் குடைக்குக் கீழே தூரிட், பாலாடைக் கட்டியும் சிவப்பு ஒயினுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி வர்ற? எங்க உன் ஆளு?"

"கழிவறைல இருக்கான்."

"கழிவறைலயா?" தூரிட் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். "அந்தக் கழிவறை இப்ப பீக்கோ தீவுக்குப் போயிருக்கும். நான் பார்த்தேனே அவனை! அங்க ஃபெரியில காருங்களை ஏத்திக்கிட்டு நின்னான். இப்படி வா, நிறுத்து, ஒடி, ஒடின்னு கையைக் காட்டுறான். அந்த ஊர் டிரைவருங்க மறுபேச்சு இல்லாம கேக்குறானுங்க! நான் சிரிச்ச சிரிப்புல ஒயினு மூக்குல ஏறிடுச்சு. கூத்துக்காரன்டி அவன்!"

குன்வோர் சிரித்தாள். சிரித்தே ஆக வேண்டும். முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "ஆமா, பழைய பழக்கம், சும்மா சவாரி போய்ட்டு வரேன்னான்" என்றாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் நடந்தாள். அப்புறம் ஓடினாள்.

அந்தச் சங்கு. நீளமாக ஒரே ஒரு சங்கு. கரையை விட்டுக் கிளம்பப் போகிறோம் என்று ஃபெரி ஊதுவது. முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து போனவன் இன்றைக்கும் போயிருக்கிறான். அவளுக்குப் புரிந்துபோனது. புரிந்ததும் பயம் இன்னும் பெரிதானது. அக்கரையில் இறங்கி அவன் எந்தப் பக்கம் நடப்பான்? ஸோல்விக்கில் இருக்கும் வீட்டைத் தேடித்தானே?

ஃபெரி நிலையமும் கப்பல் நின்ற இடமும் ஒரே துறையில்தான். நிலையத்தின் கண்ணாடிக் கதவிலிருந்து பார்த்தால் ஹவ்தெர்னாவின் ஏணிப்பாலம் தெரிகிறது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக் கொடுக்கும் பெண் ஆங்கிலம் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்தாரா?"

"எடுக்கல."

"டிக்கெட் இல்லாம யாரும் ஏற முடியாதே, அம்மா."

"இவர் ஏறுவார். காருங்க ஏறுற வழியா ஏறியிருப்பார்."

அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் அக்கரையில் உள்ள மதலேனா நிலையத்துக்குத் தொலைபேசினாள். போர்த்துகீசியத்தில் நீளமாகப் பேசினாள், ஒருமுறை சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"மஞ்சள் அங்கி போட்ட ஒருத்தர் காருங்களை இறக்கி விட்டாராம். அதுக்கப்புறம் மறுபடி ஏறினாரா, ஊருக்குள்ள போனாரான்னு தெரியலைங்கிறாங்க. அலை ஜாஸ்தியா இருக்கு. படகை அங்கயே நிறுத்தி வெச்சிருக்காங்க. கொஞ்சம் தணிஞ்சதும் விடுவாங்க."

"எப்ப?"

அவள் தோளைக் குலுக்கினாள். "கடலைத்தான் கேக்கணும்."

இரண்டு நாற்பது. குன்வோர் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கைப்பைக்குள் இரண்டு அட்டைகளும் ஒன்றோடொன்று உரசின. ஏணிப்பாலத்தின் கீழே வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் நிற்கிறார். போய்ச் சொல்லிவிடலாம். எழுந்து பாதி தூரம் நடந்தாள். சொன்னால் அதோடு முடிந்தது, நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையும் இந்தத் துறையிலேயே நின்றுவிடும். திரும்பி வந்தாள். சொல்லாமல் ஃபெரி வராவிட்டால்? மறுபடி பாதி தூரம் நடந்தாள். அதிகாரி இவளைப் பார்த்துக் கையசைத்தார், "சீக்கிரம் வந்துட்டீங்களே!" என்று. அவளும் கையசைத்துவிட்டு, எதையோ மறந்தவள் போல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பினாள்.

மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கு அலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஃபெரி தெரிந்தது. மூக்கு மேலே ஏறி, காணாமல் போய், மறுபடி ஏறி வந்தது. கிட்டே வரவர முன்பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. வண்டிகள் ஏறி இறங்கும் சாய்பலகைக்குப் பக்கத்தில், பிடிமானம் ஒன்றும் இல்லாமல், கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் அவன் முழங்கால் வரைக்கும் ஏறி வடிந்தது. குன்வோர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நேரம் அவனைக் காணவில்லை என்று பயந்தவளுக்கு இப்போது கண்ணால் பார்ப்பதே பயமாக இருந்தது.

படகு துறையில் இடித்து நின்றது. சாய்பலகை இறங்கியது. ஆர்விட் ஒவ்வொரு காரையும் உள்ளங்கையால் அழைத்து வெளியே அனுப்பினான். கடைசியாக மாடுகள் ஏற்றிய லாரி. அதன் டிரைவர் ஜன்னல் வழியே அவனுக்குச் சலாம் வைத்துவிட்டுப் போனான். குன்வோர் லாரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஆர்விட்! வா, போலாம். கப்பல் கிளம்பப் போகுது."

அவன் அவளைப் பார்த்தான். வெகு மரியாதையாகப் பார்த்தான்.

"இங்க நிக்கக் கூடாது அம்மா. பயணிங்க எல்லாம் மேல் தளத்துக்குப் போங்க. மேல சூடா ஸ்வேலே கிடைக்கும்."

நாற்பத்தாறு வருஷத்தில் அவன் அவளை 'நீங்க' என்றதில்லை, 'போங்க' என்றதில்லை.

பின்னாலிருந்து தொந்தியும் மீசையுமாக ஒரு ஆள் வந்தான். அந்தப் படகின் டெக் ஆள், பெயர் துவார்த்தே. அரைகுறை ஆங்கிலம். "உங்க ஆளா இவரு? நான் துறைமுக ஆபீஸ்லேர்ந்து வந்த மேற்பார்வைக்காரர்னு நெனச்சேன்! கட்டை சரியா வெக்கலன்னு என்னையே திட்டுனாரு. என்ன பாஷைன்னு தெரியல, ஆனா திட்டுன்னு தெரிஞ்சுது. அவரு சொன்னதும் சரிதான். அலையடிச்சப்ப ஒரு கார்கூட அசையல."

"இவரைக் கீழ இறக்கணும். தயவுசெஞ்சு, சீக்கிரம்."

துவார்த்தே ஆர்விட்டின் முழங்கையைப் பிடித்தான். ஆர்விட் கையை உதறினான். குரல் உயர்ந்தது. "ஆள் மாத்த யாரும் வராம நான் டெக்கை விட்டு இறங்க மாட்டேன்! சாய்பலகை திறந்து கிடக்கு. பார்க்க ஆள் இல்லாம விட்டுட்டுப் போறதா?"

அது அந்த ஃபெரிக்காரர்களின் சட்டம். எவன் எழுதினானோ தெரியாது, ஆனால் மீறியவன் இல்லை. காய்ச்சலானாலும், வீட்டில் பிரசவமானாலும், அடுத்த ஆள் கையுறையும் ஒளிர் அங்கியும் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்று 'டெக் என்னோடது' என்று சொல்லும் வரைக்கும் முதல் ஆள் அசையக் கூடாது. இவன் இரண்டு கேள்வி கேட்பான், அவன் பதில் சொல்வான், அப்புறம் இவன் 'டெக் உன்னோடது' என்பான். அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் கால் தரையில் இறங்கும்.

குன்வோர் துவார்த்தேயிடம் கெஞ்சினாள். நோர்வே மொழியில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள். நல்ல மனுஷன் அவன், சிரிக்காமல் ஆர்விட் முன்னால் நின்று ஒப்பித்தான். நாக்கு புரளவில்லை. ஆர்விட் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"இவன் புதுசு. இவன்கிட்ட எப்படிக் குடுப்பேன்?"

மூன்று பதினேழு. ஹவ்தெர்னா ஒருமுறை சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தில் ஆர்விட்டின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. சாய்பலகைக்கும் துறைக்கும் நடுவே இருந்த இடுக்கில் தண்ணீர் பொங்கி விழுந்தது. அவன் ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தான்.

குன்வோர் துவார்த்தேயின் கையுறைகளை உருவினாள். அவனுடைய ஒளிர் அங்கியை வாங்கித் தன் கம்பளிக் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டாள். அது அவளுக்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது. இருபத்தேழு வருஷம் கண்ணாடி வழியாகப் பார்த்ததைத் தவிர அவளுக்கு இந்த வேலை தெரியாது. போய் ஆர்விட்டுக்கு எதிரே, அவனுக்கும் அந்த இடுக்குக்கும் நடுவே, கால்களை அகட்டி நின்றாள். குரல் உதறக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"டெக் என்னோடது."

அவன் கண்ணைச் சுருக்கினான். "வண்டி ஏதும் பாக்கியா?"

"இல்ல. கடைசியா மாட்டு லாரி. போயாச்சு."

"கட்டைங்க?"

குன்வோர் ஓரக்கண்ணால் பார்த்தாள். மரக்கட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. "எட்டும் எடுத்தாச்சு. சுவத்தோரம் இருக்கு."

அவன் அவசரப்படவில்லை. தளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தான். அப்புறம் அவன் அவள் தோளில் ஒருமுறை தட்டினான்.

"சரி. டெக் உன்னோடது. பார்த்துக்க, காத்து மாறுது."

நடந்து இறங்கினான். குன்வோர் அங்கியையும் கையுறைகளையும் துவார்த்தேயின் மேல் எறிந்துவிட்டுப் பின்னாலேயே பாய்ந்தாள். சிமெண்டுத் தரையில் கால் பட்டதும் ஆர்விட் நின்றான். நனைந்த கால்சட்டையைக் குனிந்து பார்த்தான். திடீரென்று ரொம்பவும் கிழவனாகத் தெரிந்தான்.

"குன்வோர், எனக்கு ஏன் இப்படிக் குளிருது?"

மூன்று இருபத்தெட்டுக்கு ஏணிப்பாலத்தில் இரண்டு அட்டைகளும் டிங், டிங் என்று சத்தம் போட்டன. "கடைசி ஆளுங்க நீங்கதான்! கடல்ல குளிச்சீங்களா?" என்று கேட்டார் வெள்ளைச் சட்டை அதிகாரி. "ஓவியம் பார்க்கப் போய் அலையில மாட்டிக்கிட்டோம்" என்றாள் குன்வோர். இன்னொரு பொய். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஜெயித்துவிட்டாள்.

அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, அவன் கால்சட்டையை மாற்றி, கால்களைத் துண்டால் தேய்த்துவிட்டாள். ஒலிபெருக்கியில் கப்டன் பேசினார். காற்று பலமாக இருக்கும், அலை நாலு மீட்டர் வரைக்கும் எழும்பலாம், வெளித்தளங்களில் கைப்பிடியைப் பிடித்து நடங்கள், ஆறு நாள் நல்ல பயணம் அமையட்டும். அவர் முடித்ததும் கிளம்புவதற்கு முந்தைய சங்கு ஊதியது. அறையின் சுவரெல்லாம் அதிர்ந்தது.

ஆர்விட் எழுந்தான். மஞ்சள் அங்கியை எடுத்து மாட்டினான். பித்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டான். கதவுக்கு வந்து, அங்கே நின்ற குன்வோரிடம் சொன்னான்:

"கொஞ்சம் வழி விடுங்க அம்மா. டெக்குக்குப் போகணும்."

அப்போது வந்ததுதான் பயம். பத்து நாளாகப் பயம் பயம் என்று அவள் வயிற்றில் சுமந்தது ஒரு தாளைப் பற்றிய பயம், ஒரு கோட்டைப் பற்றிய பயம். இது வேறு. இந்தக் கப்பலில் பன்னிரண்டு தளம். ஒவ்வொரு தளத்தையும் சுற்றி இடுப்பு உயரக் கைப்பிடி. அதற்கு அந்தப் பக்கம் ஆறு நாள் கடல். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவள் திரும்பி நிற்பாள்? எப்போதாவது தூங்கத்தானே வேண்டும்? இன்றைக்கு மூன்று நிமிஷம்தான் திரும்பினாள்.

"நானும் வரேன், ரெண்டு பேருமா போலாம்" என்று அவன் கையைத் தன் கைக்குள் பூட்டிக்கொண்டு, லிஃப்டில் கீழே இறங்கினாள். மூன்றாம் தளத்தில் மருத்துவ அறை. டாக்டர் ஸிக்னே நாற்பது வயதுக்காரர், காதில் பென்சில் செருகியிருந்தார். குன்வோர் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரருக்கு மறதி நோய். ரெண்டு குளிர்காலமா. படிவத்துல நான்தான் பொய் சொன்னேன், இவருக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ஃபெரில ஏறிப் போயிட்டார்."

டாக்டர் அவளைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தெட்டு.

"இப்ப சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? கயிறு இன்னும் அவுக்கல. இன்னும் அரைமணி கழிச்சு வந்திருந்தீங்கன்னா உங்களை இறக்க இடமே கிடையாது, பார்படாஸ் வரைக்கும் வந்திருப்பீங்க."

"அதனாலதான் இப்ப வந்தேன்."

"இறக்கி விட்டுருவாங்க அம்மா."

"இறக்கி விடுங்க" என்றாள் குன்வோர். பத்து நாளாக எந்த வார்த்தையைக் கேட்டுவிடக் கூடாது என்று தவம் கிடந்தாளோ அதை அவளே கேட்டாள். சொல்லி முடித்ததும் அங்கிருந்த எடை பார்க்கும் எந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. கப்டனுக்குப் பேசினார். துறைமுக முகவருக்குப் பேசினார். ஓட்டல் அறை, நாளைக்கு லிஸ்பனுக்கு விமானம், அங்கிருந்து பெர்கன். ஆர்விட்டிடம் குனிந்து, "ஐயா, கரையில உங்களுக்கு ஒரு ரூம் போட்டிருக்கோம்" என்றார். "ராத்திரி தங்கலா? ஓவர்டைம் உண்டா?" என்றான் அவன். டாக்டர் சிரித்தார். அப்புறம் பென்சிலை எடுத்து எதையோ எழுதுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பணியாட்கள் கால் மணி நேரத்தில் பெட்டி கட்டிவிட்டார்கள். கப்பல் இவர்களால் இருபது நிமிஷம் தாமதம். ஏணிப்பாலத்தில் இறங்கும்போது மேலே கைப்பிடி ஓரமெல்லாம் முகங்கள் தெரிந்தன. குன்வோருக்கு அவமானத்தில் காது கொதித்தது, தலை நிமிரவில்லை.

"குன்வோர்!" மேலேயிருந்து தூரிட்டின் குரல். "அடியே, என்னடி ஆச்சு? எங்கடி போறீங்க?"

இவள் நிமிர்ந்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. "அவனுக்கு மறதி நோய்டி! வீட்டுக்குப் போறோம்!" என்று துறைமுகமே கேட்கக் கத்தினாள்.

தூரிட் கைப்பிடியின் மேல் எட்டிக் குனிந்தாள். "கம்பளியை நல்லாப் போத்தி விடு! ஏறுறப்ப பார்த்தேன், கால் நனைஞ்சிருந்துச்சு!" என்று கத்தினாள்.

ஆர்விட் அவளுக்கு மரியாதையாகக் கையசைத்தான். "யாரு அது? நல்ல தொண்டை."

"நம்ம மேஜைல சாப்பிடுறவ."

கயிறுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. "பின் கயிறை அவசரப்பட்டு விட்டுட்டான்" என்றான் ஆர்விட். ஹவ்தெர்னா துறையை விட்டு விலகியது, மெதுவாக, ஒரு தெருவே நகர்வது போல. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் முதல் பெரிய அலை அதன் மூக்கைத் தூக்கியது. அது திரும்பவில்லை, நேராகப் போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் என்ன நினைக்கிறான் என்று குன்வோருக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

டாக்ஸிக்காரர் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க அம்மா. அவரை விடுங்க, நான் பிடிச்சு ஏத்துறேன்."

விடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். மஞ்சள் அங்கியின் கையை இறுக்கியிருந்த விரல்கள் கேட்கவில்லை. இன்னொரு கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.